மூன்றாம் படை

மூக்கையூரில் மண் வீடு கட்ட
கடல் மணல் ஆகாது, உப்பு.
கடல் தண்ணீர் ஆகாது, அதுவும் உப்பு.
கண்மாயில் அள்ளிய வண்டல் ஏழு டிராக்டர்,
முதுகுளத்தூர்ப் பக்கத்து வைக்கோல்,
குடம் பத்து ரூபாய்க்கு நல்ல தண்ணீர்.
இத்தனை செலவழித்து மண்ணா என்றாள் நாத்தனார்.
அவள் வீட்டுக் காங்கிரீட் கூரையில்
துருப்பிடித்த கம்பி வெளியே எட்டிப் பார்க்கிறது.
நான் சொல்லவில்லை.

வந்தவர்கள் ஒன்பது பேர்.
கோயம்புத்தூர் இரட்டையர்,
வங்கியில் லீவு போட்டு வந்த ஒருவர்,
நண்டை ஓட்டோடு கடித்த பெல்ஜியம் நெட்டையன்,
இன்னும் சிலர்.
சம்பளம் வேண்டாம், சோறு போதும் என்றார்கள்.
ஒன்பது பேர் சோறு எவ்வளவு என்பது
உலை வைத்தவளுக்குத்தான் தெரியும்.

என் மகள் ஜெனோவாவுக்கு
டைல்ஸ் போட்ட வீடுதான் வேண்டும்.
முதல் நாள் வலைக்குவியலுக்குப் பின்னால்
ஒளிந்துகொண்டாள்.
மூன்றாம் நாள்
முழங்கால் சேற்றில் நின்று
நெட்டையனை "மிதி, இன்னும் மிதி" என்று
அதட்டிக்கொண்டிருந்தாள்.

படம் வரைந்த பையன்
தெற்குச் சுவரைக் காட்டினான்.
"அக்கா, இங்கே பெரிய சன்னல்.
படுத்தபடியே கடல் தெரியும்."
விடியுமுன்னே போய் கஸ்பார் பார்ப்பது கடலை.
பாசி எடுக்கக் கழுத்தளவில் நின்று
நான் பார்ப்பதும் அதை.
வீட்டுக்கு வந்தும் அதுவா?
வேண்டாம் என்றேன்.
அவன் முகம் தொங்கிப்போன நேரம் பார்த்து
அடுப்படிக்கு ஒரு சன்னல்
கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம்
எல்லோரும் டீக்குப் போய்விட்டார்கள்.
குழியில் நானும் சுபத்ராவும்.
ராத்திரிகளில் தார்ப்பாய்க்குப் பின்னால்
போனில் அடிக்குரலில் சண்டை போடுகிறவள்.
மிதித்துக்கொண்டே இருந்தவள் நின்றாள்.
விரலைத் திருகினாள்.
ஒட்டிய செதிலை உதறுவது போல
உதறினாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் பார்த்துவிட்டதைப் பார்த்தாள்.

என் தோடு சாயல்குடி அடகுக்கடையில்,
இஞ்சின் பழுதான ஐப்பசியிலிருந்து.
முழங்கால் ஆழம்தான் சேறு.
குனிந்தால் எட்டும்.

வைக்கோலில் ஒரு கை அள்ளி
அந்த இடத்தில் போட்டேன்.
குதிகாலால் அழுத்தி மிதித்தேன்.
அவளும் பக்கத்தில் வந்து மிதித்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
வெகுநேரம் மிதித்தோம்,
அந்த மண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை.

மோதிரத்தைக் காணோம் என்று
ராத்திரி யாரோதான் அவள் விரலைக் கவனித்தது.
டார்ச் அடித்தார்கள்.
வங்கிக்காரர் சல்லடை இருக்கிறதா என்றார்.
ஜெனோவா அந்தோணியாருக்கு
மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.
சுபத்ரா அழுதாள். அது நடிப்பில்லை.
நானும் தேடினேன்,
இல்லாத இடமாகப் பார்த்து.

மறுநாள் அந்தக் குழி மண்
உருண்டை உருண்டையாகக் கை மாறிப் போய்
தெற்குச் சுவரின் மூன்றாம் படையானது.
ஈரம் உலர நான்கு நாள்.
அதற்குள் வேன் வந்துவிட்டது.
போகும்போது அவள் சுவரைத் தொடவில்லை,
என்னைக் கட்டிக்கொண்டாள்.
அவள் முதுகெல்லாம் என் கைச்சேறு.

இப்போது சித்திரை.
தெற்கே ஒரு சன்னல் வெட்டினால்
காற்று வரும் என்று
கஸ்பார் கடப்பாரையை எடுத்து வைத்திருக்கிறார்.
வேண்டாம் என்கிறேன்.
இவளுக்குக் கடலைக் கண்டாலே ஆகவில்லை என்று
பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.
சொல்லட்டும்.

தோடு இன்னும் திரும்பவில்லை.
வட்டி கட்டப் போகும் நாளில் மட்டும்
அந்தச் சுவரில்
நான் முதுகு சாய்ப்பதில்லை.